போக்காடும் பலிக்கடாவும்: ‘ஸ்கேப்கோட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பின்னணி

ஓர் அலுவலகத்தில் முறைகேடு வெளிப்பட்டு, அதற்குக் காரணமானவர்கள் பலர் இருக்கக் கீழ்நிலை ஊழியர் ஒருவர் மட்டும் பதவி இழந்தால், அவர் ‘பலிக்கடா ஆக்கப்பட்டார்’ என்று நமது செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ‘ஸ்கேப்கோட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகராகவே இந்தச் சொல் பெரும்பாலும் ஆளப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர்களும் தயக்கமின்றி ஒன்றுக்கு மற்றொன்றைப் போடுகிறார்கள். ஆனால் அந்த ஆங்கிலச் சொல் பிறந்த சடங்கைத் தேடிப் படிப்பவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அங்கே அந்த ஆடு பலிபீடத்தில் வெட்டப்படுவதில்லை. வெட்டப்படுவது அதன் அருகே நிற்கும் மற்றோர் ஆடு. சொல்லுக்குரிய ஆடு உயிரோடு ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகப்படுகிறது.

இந்த வேறுபாட்டைச் சிறிய விடயமென்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. பலி கொடுத்தலும் தீமையைக் கழித்தலும் இரு வேறு செயல்கள் என்பதை கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர ஊர்களில் வாழ்பவர்கள் தங்கள் வழக்கத்திலிருந்தே அறிவார்கள். அம்மன் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே வீதியில் அடுத்தடுத்து நிற்கும் இந்தப் பிரதேசத்தில், மூன்று சமயத்தாரின் வழக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அச்சொல்லின் பொருள் தெளிவாகும்.

முதலில் சடங்கைப் பார்ப்போம். எபிரேய விவிலியத்தின் லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தில் அது விவரிக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஏழாம் மாதத்தின் பத்தாம் நாளில், இஸ்ரவேல் மக்கள் அனைவருடைய குற்றங்களுக்காகவும் பாவநிவிர்த்தி செய்யவேண்டும். தலைமைக் குரு ஆரோன் தன் குடும்பத்துக்காக ஒரு காளையைப் பலியிடுகிறான். மக்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வழிபாட்டுக் கூடாரத்தின் வாசலுக்குக் கொண்டுவரப்படுகின்றன. எந்த ஆடு எதற்கு என்பதைக் குரு தீர்மானிப்பதில்லை, திருவுளச்சீட்டுப் போடப்படுகிறது. ஒரு சீட்டு ஆண்டவருக்கு, மற்றது ‘அசாசேல்’ என்பதற்கு. ஆண்டவருக்கென்று சீட்டு விழுந்த ஆடு கொல்லப்பட்டு, அதன் இரத்தம் திரைக்கு உட்புறம் கொண்டுபோகப்பட்டு, உடன்படிக்கைப் பேழையின் மூடியான கிருபாசனத்தின் மீதும் அதற்கு முன்பும் தெளிக்கப்படுகிறது. அதன்பின் ஆரோன் உயிரோடிருக்கும் இரண்டாவது ஆட்டின் தலைமேல் தன் இரு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்கள், மீறுதல்கள், பாவங்கள் அனைத்தையும் வாய்விட்டு அறிக்கையிடுகிறான். அவற்றையெல்லாம் அந்த ஆட்டின் தலையில் சுமத்தி, அதற்கென நியமிக்கப்பட்ட ஓர் ஆளின் கையில் ஒப்படைத்து, மக்கள் குடியிராத வனாந்தரத்தில் கொண்டுபோய் விடும்படி அனுப்புகிறான்.

இதே அதிகாரத்தில் வரும் ஒரு சிறு விதி என்னை மிகவும் கவர்ந்தது. ஆட்டைக் கொண்டுபோய் விட்டவன் அப்படியே ஊருக்குள் திரும்ப முடியாது. தன் உடைகளைத் தோய்த்து, நீரில் குளித்த பிறகே மக்கள் தங்கியிருக்கும் பாளயத்துக்குள் வரலாம். ஆட்டின் மீது ஏற்றப்பட்டது வெறும் உருவகம் என்று அம்மக்கள் கருதியிருந்தால் இந்த விதிக்கு இடமிருந்திருக்காது. தொட்டால் ஒட்டிக்கொள்ளக்கூடிய ஒன்று அந்த ஆட்டோடு வெளியே போகிறது என்றே அவர்கள் நம்பினார்கள்.

எருசலேம் ஆலயம் கி.பி. 70 இல் அழிக்கப்படும் வரையில் இந்தச் சடங்கு நடந்த முறையை, பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூலின் யோமா என்ற பகுதி சொல்கிறது. இரண்டு கடாக்களும் தோற்றத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒத்தவையாக, ஒரே வேளையில் வாங்கப்பட்டவையாக இருப்பது முறை. வெளியே அனுப்பப்படும் ஆட்டின் தலையில் சிவப்பு நூல் கட்டப்படும். அது போகும் பாதையில் மக்கள் கூடி நின்று அதன் மயிரைப் பிடித்திழுத்து, ‘எடுத்துக்கொண்டு போ, எடுத்துக்கொண்டு போ’ என்று கத்துவார்களாம். அதனால் ஆட்டுக்கெனத் தனியாக ஒரு மேட்டுப்பாதை அமைக்கவேண்டி வந்ததாம். அக்காலத்தில் அந்த ஆடு வனாந்தரத்தில் வெறுமனே விடப்படவும் இல்லை. ஒரு செங்குத்தான பாறைக்குக் கொண்டுபோய்ப் பின்புறமாகத் தள்ளிவிடுவார்கள். சுமை ஏறிய ஆடு ஊருக்குள் திரும்பி வந்துவிடக் கூடாதென்ற அச்சமே இதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே நடைமுறையில் அந்த ஆடும் இறந்தது. ஆனால் அந்தச் சாவு பலிபீடத்தில் நிகழவில்லை, இரத்தம் தெளிக்கப்படவில்லை, இறைச்சியோ கொழுப்போ எவருக்கும் படைக்கப்படவில்லை.

மட்டக்களப்பு வாசகருக்கு இதைப் படிக்கும்போது ‘கழிப்பு’ நினைவுக்கு வராமல் இராது. வீட்டைத் தீமை ஏதோ பற்றியிருக்கிறது, தீராத நோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத காரணம் இருக்கிறது என்று கருதும்போது, பூசாரியை அழைத்துக் கழிப்புச் செய்வதும், கழித்த பொருள்களைச் சந்தியிலோ ஊரெல்லையிலோ நீர்நிலையிலோ கொண்டுபோய் விடுவதும் இங்கே நெடுங்கால வழக்கம். கொண்டுபோனவர் திரும்பிப் பாராமல் வரவேண்டும், கால் முகம் கழுவியே வீட்டுக்குள் நுழையவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தைக்கு நாவூறு கழிக்கையில் உப்பையும் செத்தல் மிளகாயையும் தலையைச் சுற்றி எடுத்து நெருப்பில் போடுவதும் இதே எண்ணத்தின் வீட்டளவிலான வடிவந்தான். ஒன்றில் இருப்பதை மற்றொன்றுக்கு மாற்றி, மாற்றியதை மனிதர் வாழும் இடத்துக்கு அப்பால் அகற்றிவிடுவதே இங்கு நிகழ்கிறது. இந்த எண்ணம் யூதருக்கு மட்டும் உரியதன்று. லேவியராகமத்துக்கு முற்பட்ட, இன்றைய துருக்கிப் பகுதியில் வாழ்ந்த ஹிட்டைட் மக்களின் சடங்கு ஏடுகளில், கொள்ளைநோய் கண்ட படை முகாமிலிருந்து நிற நூல்கள் அணிவிக்கப்பட்ட ஆட்டுக்கடாக்களை எதிரி நாட்டை நோக்கி ஓட்டிவிடும் முறை சொல்லப்படுகிறது. லேவியராகமத்திலேயே பதினான்காம் அதிகாரத்தில், தொழுநோய் நீங்கியவனுக்காக இரண்டு குருவிகள் கொண்டுவரப்பட்டு, ஒன்று கொல்லப்பட மற்றது வெட்டவெளியில் பறக்கவிடப்படுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் செல்வது பலி. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் ஹஜ்ஜுப் பெருநாளன்று கொடுக்கப்படும் குர்பானை எடுத்துக்கொள்வோம். குர்பான் என்ற அரபுச் சொல்லும், விவிலியத்தில் பலியையும் காணிக்கையையும் குறிக்கும் கொர்பான் என்ற எபிரேயச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த வேரின் பொருள் ‘நெருங்குதல்’. தமிழ் விவிலியத்தின் மாற்கு நற்செய்தியிலும் ‘கொர்பான்’ அப்படியே நிற்கிறது. இறைவனிடம் அடியாரை நெருங்கச் செய்வது அது. அறுக்கப்படும் ஆட்டின்மீதோ மாட்டின்மீதோ எவருடைய குற்றமும் ஏற்றப்படுவதில்லை. அதன் இறைச்சியும் இரத்தமும் இறைவனை அடைவதில்லை, இறையச்சமே அவனை அடைகிறது என்கிறது குர்ஆனின் அல்-ஹஜ் அத்தியாயம். இறைச்சி வீட்டாருக்கும் உறவினருக்கும் வறியோருக்கும் பங்கிடப்படுகிறது. பாவம் ஏற்றப்பட்ட ஆட்டை யாரும் உண்ணவோ பங்கிடவோ மாட்டார்கள். அம்மனுக்குப் படையலாக வைக்கும் மடையும் இவ்வகையில் குர்பானுக்கு அருகிலேயே நிற்கிறது. படைத்தது திரும்பப் பிரசாதமாக வருகிறது, கழித்தது ஒருபோதும் திரும்பி வரக்கூடாது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. லேவியராகமம் அந்த இரண்டு கடாக்களையும் சேர்த்தே ‘பாவநிவாரண பலிக்கென்று’ கொண்டுவரச் சொல்கிறது. எனவே உயிரோடு அனுப்பப்பட்ட ஆட்டுக்கும் பலிக்கும் தொடர்பே இல்லை என்று வாதிட முடியாது. ஒரே பாவநிவிர்த்தியின் இரண்டு பாதிகள் அவை. ஒரு பாதி உள்ளே போகிறது; மற்றது வெளியே போகிறது. ஆங்கிலச் சொல் பெயரிடுவது வெளியே போகும் பாதியை.

இனி அந்தச் சொல் எப்படி உருவாயிற்று என்பதைக் காண்போம். ‘அசாசேல்’ என்ற எபிரேயச் சொல் என்ன பொருள் தருகிறது என்பதில் பழங்காலத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. செங்குத்தான கரடுமுரடான இடத்தின் பெயர் என்று யூத உரையாசிரியர்கள் சிலர் கொண்டார்கள். பாலைநிலத்தில் உறையும் ஒரு தீய சக்தியின் பெயர் என்பது இன்னொரு கருத்து. ஒரு சீட்டு ஆண்டவருக்கு என்றிருக்கும்போது மற்றச் சீட்டும் பெயர் உடைய ஒருவருக்கே உரியதாக இருக்கவேண்டும் என்ற இலக்கண நியாயம் இதற்குத் துணை நிற்கிறது. ஏனோக்கின் பெயரால் வழங்கும் பழைய யூத நூலில், மனிதருக்கு ஆயுதம் செய்யக் கற்றுக்கொடுத்ததால் பாலைவனத்தில் கட்டிப்போடப்பட்ட வானதூதன் ஒருவன் அசாசேல் என்றே அழைக்கப்படுகிறான். மூன்றாவது வழி, சொல்லை இரண்டாகப் பிரிப்பது: ‘ஏஸ்’ என்றால் வெள்ளாடு, ‘அசல்’ என்றால் போதல். இரண்டும் சேர்ந்தால் ‘போகிற ஆடு’.

இந்த மூன்றாவது வழியையே மொழிபெயர்ப்பாளர்கள் பலர் பின்பற்றினார்கள். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘அகற்றிச் செல்வது’ என்ற பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீனில் பெயர்க்கத் தொடங்கிய ஜெரோம், ‘அனுப்பப்பட்ட ஆடு’ என்று பொருள்படும் தொடரை அமைத்தார். இன்றும் பிரெஞ்சு மொழியில் அதன் வழிவந்த தொடரே வழங்குகிறது. ஆங்கிலத்துக்கு இந்த ஆட்டைக் கொண்டுவந்தவர் வில்லியம் டின்டேல். விவிலியத்தை மக்கள் மொழியில் பெயர்க்க இங்கிலாந்தில் அனுமதி கிடைக்காமல் கடல் கடந்து சென்ற அவர், எபிரேய மூலத்திலிருந்தே பெயர்த்த ஐந்தாகமங்களை 1530 இல் அன்ட்வேர்ப் நகரில் அச்சிட்டார். அதில்தான் ‘ஸ்கேப்கோட்’ என்ற சொல் முதன்முதலாகத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் ‘தப்பித்தல்’ என்று பொருள்படும் ‘எஸ்கேப்’ என்ற வினை அக்காலத்தில் முதலெழுத்துத் தேய்ந்து ‘ஸ்கேப்’ என்றும் வழங்கியது. அதனோடு ‘கோட்’, அதாவது வெள்ளாடு, சேர்ந்தது. எஸ்கேப் என்ற சொல்லின் வேரும் சுவையானது: பிடிக்க வந்தவன் கையில் மேலாடையை விட்டுவிட்டு நழுவி ஓடுவதைக் குறித்த இலத்தீன் வழக்கிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது.

மூலநூலுக்கு இத்தனை அருகில் நின்று உழைத்த டின்டேல் 1535 இல் கைது செய்யப்பட்டு, 1536 இல் இன்றைய பெல்ஜியத்தின் வில்வோர்டே நகரில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அவருடைய சொற்கள் அழியவில்லை. 1611 இல் ஜேம்ஸ் மன்னரின் ஆணைப்படி வெளிவந்த விவிலியம் இந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்நூல் மூலமாகவே அது ஆங்கிலம் பேசும் உலகம் முழுவதும் பரவியது. பிற்கால அறிஞர்கள் அசாசேல் பிரித்துப் பொருள் கொள்ளத்தக்க சொல்லன்று, பெயர்ச்சொல் என்ற முடிவை நோக்கி நகர்ந்தார்கள். 1885 இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் பழைய ஏற்பாடு அந்த இடத்தில் ‘அசாசேல்’ என்றே எழுதிற்று. இன்றைய ஆங்கில விவிலியங்கள் பலவற்றிலும் அதுவே காணப்படுகிறது. தான் பிறந்த வசனத்திலிருந்து அச்சொல் இப்படி வெளியேற்றப்பட்டாலும், மக்கள் பேச்சில் அதன் இடம் அசையவில்லை.

டின்டேலின் சொல்லில் ஒரு குறை உண்டென்று எனக்குப் படுகிறது. ‘தப்பிய ஆடு’ என்றதும், இரண்டில் இது அதிர்ஷ்டசாலி, கத்திக்குத் தப்பியது என்ற எண்ணமே முந்தி எழுகிறது. ஆட்டின் தலையில் ஏற்றிய சுமையும், அதை அகற்றும் பணியும் அச்சொல்லில் இல்லை. இந்த இடத்தில் தமிழ் விவிலியத்தின் பழைய திருப்புதல் செய்திருக்கும் வேலை பாராட்டுக்குரியது. அது அந்த ஆட்டைப் ‘போக்காடு’ என்கிறது. போக்கு என்பது போகவிடுதலையும் குறிக்கும். நோய் போக்குதல், பழி போக்குதல் என்று நீக்குதலையும் குறிக்கும். அனுப்பப்படும் ஆடு, நீக்கும் ஆடு என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் பொருளுக்கு டின்டேலின் சொல்லைவிட இதுவே நெருக்கமானது. வெஸ்லியன் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் வந்து திருச்சபையும் பள்ளிக்கூடமும் தொடங்கிய மட்டக்களப்பில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் விவிலியம் வாசிக்கப்பட்டு வருகிறது. ஆனாலும் போக்காடு தேவாலயத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. செய்தியெழுத்துக்கும் பொதுப்பேச்சுக்கும் வரவில்லை. பலிக்கடா என்ற சொல் ஏற்கெனவே எல்லோர் வாயிலும் இருந்ததால் அந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது.

ஆங்கிலத்திலும் சொல்லின் பொருள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. பிறர் குற்றத்துக்குப் பழி சுமக்கும் மனிதன் என்ற பொதுப்பொருளில் அது 1824 அளவில் எழுத்தில் தோன்றுகிறது. நாட்டுப்புறத்துச் சிறுவர்கள் மீது எல்லாக் குற்றங்களும் சுமத்தப்படுவதைச் சொல்ல ஓர் ஆங்கில எழுத்தாளர் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். சடங்கின் பெயராக இருந்தது மனிதரின் பெயராக மாறியபோது உள்ளே ஒரு பெரிய புரட்டல் நிகழ்ந்தது. லேவியராகமத்தில் ஆட்டின் தலையில் கை வைக்கும் குரு, இவை எங்கள் பாவங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் அறிக்கையிடுகிறான். ஆடு குற்றமற்றது என்பது அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒரு மனிதரைப் பழிசுமக்க வைக்கும்போதோ அறிக்கையிடல் மறைந்துவிடுகிறது. குற்றம் முழுவதும் அவருடையதே என்று சாதிக்கப்படுகிறது. சுமத்தியவர்களே சில காலத்தில் அதை நம்பவும் தொடங்கிவிடுகிறார்கள்.

வரலாறு இதற்குத் தரும் சான்றுகளுள் மிகக் கொடியது, அந்தச் சடங்கை உலகுக்குத் தந்த யூத மக்களுக்கே நேர்ந்தது. 1348, 1349 ஆண்டுகளில் ஐரோப்பாவைக் கொள்ளைநோய் அழித்தபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டார்கள் என்ற பொய் பரவியது. அவர்களும் மற்றவர்களைப் போலவே அந்நோயால் சாகிறார்கள் என்பதைப் பாப்பரசர் ஆறாம் கிளமெந்து எடுத்துக்காட்டியும் பயனில்லை. 1349 பெப்ரவரியில் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரிக்கப்பட்டார்கள். அப்போது கொள்ளைநோய் அந்த நகரை எட்டியிருக்கவேயில்லை. இன்னொரு சான்று, பிரெஞ்சுப் படையின் யூத அதிகாரி அல்பிரட் டிரைபஸ். ஜெர்மனிக்கு இராணுவ இரகசியம் விற்றதாக 1894 இல் தண்டிக்கப்பட்டு, கடல் கடந்து பிரெஞ்சுக் கயானாவுக்கு அருகிலுள்ள ஒரு தீவில் அவர் தனிமைச்சிறை வைக்கப்பட்டார். இரகசியங்களைப் பட்டியலிட்ட கடிதத்தை உண்மையில் எழுதியவன் வேறோர் அதிகாரி என்ற சான்று வெளிப்பட்ட பிறகும் படைத்தலைமை தன் பிழையை ஒப்ப மறுத்தது. 1906 இல்தான் டிரைபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. சுமத்துதல், ஊருக்கு அப்பால் அனுப்புதல் என்ற இரண்டும் இங்கே பழைய சடங்கின் வரிசையிலேயே நடந்திருக்கின்றன. இல்லாமற் போனது அறிக்கையிடல் மட்டுமே.

தமிழில் பலி என்பதன் உச்சத்தைக் காண, பாரதக் கதையின் அரவானிடம் செல்லவேண்டும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீப்பாய்தலையும் ஊர்களில் ஆடப்படும் கூத்துகளையும் பார்த்து வளர்ந்த நமக்கு அக்கதை புதிதன்று. அருச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான், முப்பத்திரண்டு இலட்சணங்களும் பொருந்தியவன்; பாண்டவர் வெற்றிக்காகத் தன்னையே களப்பலியாகத் தர இசைகிறான். அவன்மீது எவரும் பழி ஏற்றவில்லை. அவன் குறையற்றவன் என்பதாலேயே அவன் தேர்ந்தெடுக்கப்படுகிறான், அந்தச் சாவு அவனுக்குப் புகழைத் தருகிறது. டிரைபஸையும் அரவானையும் ஒரே சொல்லால் அழைத்தால் இருவருக்கும் நேர்ந்தது என்ன என்பது மங்கிப்போகிறது.

பலிக்கடா என்ற சொல்லை விலக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேரூன்றிவிட்ட சொல் அது. பிறருடைய ஆதாயத்துக்காக ஒருவருடைய உயிரோ வாழ்வோ அழிக்கப்படும் இடத்தில் பொருத்தமாகவும் இருக்கிறது. போருக்குத் தள்ளப்பட்ட இளைஞர்களைப் பற்றியோ, ஆபத்தான வேலையில் போதிய பாதுகாப்பின்றி அமர்த்தப்பட்ட கூலியாட்களைப் பற்றியோ எழுதும்போது அது தன் முழு எடையோடு நிற்கும். ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் அரிசி மூடைகள் குறைந்து, இயக்குநர் சபையில் பலருக்கு அதில் பங்கிருக்க, களஞ்சியக் காப்பாளர் ஒருவர் மட்டும் வேலைநீக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நிகழ்ந்தது பழிமாற்றம். அவர் ‘பலிக்கடா ஆக்கப்பட்டார்’ என்று எழுதினால் வாசகருக்கு இரக்கம் பிறக்கும். மூடைகளை எடுத்தவர் யார் என்ற கேள்வி பிறக்காது. ‘மற்றவர்களின் பழியைச் சபை காப்பாளர்மீது சுமத்தி அவரை வெளியேற்றியது’ என்று எழுதும்போது, குற்றம் யாருடையது, சுமத்தியவர் யார் என்ற இரண்டையும் செய்தியாளர் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்; கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை அவரால் எழுதி முடிக்க முடியாது.